பந்தெடுக்கிறவனுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் நடக்கிற கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வருகிற செய்திகளை விடாமல் வாசிக்கிறவன் நான். மின்னொளியில் நடந்தது, இத்தனை கழகங்கள் பங்குபற்றின, இறுதியில் இந்த அணி அந்த அணியை நேர் செற்களில் வென்றது, பிரதம அதிதியாக இன்னார் வந்து கிண்ணம் கொடுத்தார், சிறந்த அடிகாரராக இன்னார் தெரிவானார், அவ்வளவுதான். பிரதம அதிதியின் பதவி மட்டும் இரண்டு வரிக்கு நீளும். கழகங்கள் எழுதி அனுப்புவதைத்தானே நீங்களும் போடுகிறீர்கள், அதில் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பரிசில்தான் எனக்கு மனக்குறை. அடிக்கிறவனுக்குக் கிண்ணம் உண்டு, சில இடங்களில் பணமும் உண்டு. எதிரணியின் சேர்விஸை முதலில் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு எந்தப் போட்டியிலும் ஒன்றும் இல்லை, அவன் பெயர்கூட செய்தியில் வருவதில்லை.

ஏன் இது பெரிய விடயம் என்று சொல்ல எனக்கு ஒரு ரஷ்யக்காரர் தேவைப்படுகிறார். பெயர் செர்கேய் தெத்யுகின். எங்கள் பக்கத்துப் பொடியன்களிடம் ரஷ்ய வீரர் ஒருவரின் பெயரைக் கேட்டால் முசெர்ஸ்கி என்பார்கள், 218 சென்ரிமீற்றர் உயரம், கையை நீட்டினாலே வலைக்கு மேலே, அவர் அடிக்கிற துண்டு வீடியோக்கள் எல்லாருடைய போனிலும் ஓடுகிறது. தெத்யுகின் என்றால் முழிப்பார்கள். ஆறு ஒலிம்பிக்கில் விளையாடிய மனிதர் அவர். 1996 அட்லாண்டாவில் தொடங்கி சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், கடைசியாக 2016 ரியோ. சிட்னியில் வெள்ளி, ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் வெண்கலம், லண்டனில் தங்கம். ஆண்கள் கரப்பந்தாட்டத்தில் நான்கு ஒலிம்பிக் பதக்கம் வைத்திருக்கிறவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

இவர் அடிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இடது பக்கத்தில் நின்று அடிக்கிறவர்தான், சேர்விஸும் நன்றாகப் போடுவார். ஆனால் அந்த இடத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு வேலை. முதலில் பந்தை எடுக்க வேண்டும், எடுத்து, அடிக்கிறவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கிற செற்றருக்குக் கொடுத்துவிட்டு அதே மூச்சில் ஓடிப்போய் எழும்பி அடிக்கவும் வேண்டும். உலகத் தரத்தில் ஆண்கள் பாய்ந்து போடுகிற சேர்விஸ் மணிக்கு 120 கிலோமீற்றரைத் தாண்டும், களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தமே 18 மீற்றர்தான், பந்து வந்து சேர ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் அது வெளியே போகுமா உள்ளே விழுமா, சுழன்று வருகிறதா மிதந்து ஆடிக்கொண்டு வருகிறதா, நான் எடுப்பதா பக்கத்தில் நிற்கிறவன் எடுப்பதா என்று எல்லாவற்றையும் தீர்மானித்து முடித்திருக்க வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது மீற்றர் தரையை இரண்டு மூன்று பேர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முதற் பந்து ஒழுங்காக மேலே போகவில்லை என்றால் முசெர்ஸ்கி என்ன, அவரை விட ஒரு முழம் உயரமானவர் நின்றாலும் சும்மாதான். சோறு வேகாத வீட்டில் கறியின் ருசியைப் பற்றிப் பேசுகிற மாதிரித்தான் இது.

தெத்யுகின் பிறந்தது ரஷ்யாவிலேயே இல்லை. 1975 செப்ரெம்பரில், இன்றைக்கு உஸ்பெகிஸ்தானில் இருக்கிற ஃபெர்கானாப் பள்ளத்தாக்கின் மார்கிலான் நகரில் பிறந்தார். பட்டுக்குப் பேர்போன ஊர். அப்போது எல்லாம் ஒரே சோவியத் நாடு, அது உடைந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அப்புறம் அவருடைய வாழ்க்கை முழுக்க உக்ரேன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற பெல்கரத் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. அங்கேயுள்ள பெலகோரியே கழகத்தில்தான் பெரும்பாலும் விளையாடினார், இடையில் கொஞ்சக் காலம் இத்தாலியில், பிறகு கசானில், மறுபடியும் பெல்கரத். ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை 2003, 2004இல் பெல்கரத்துக்காகவும், 2008இல் கசானுக்காகவும், 2014இல் மீண்டும் பெல்கரத்துக்காகவும் தூக்கினார். கடைசியாகத் தூக்கியபோது வயது 38. எங்கள் ஊரில் அந்த வயதில் ஒருவர் காற்சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தால் பழைய மாணவர் போட்டியா என்று கேட்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைக் கனபேர் கவனிப்பதில்லை. இவர் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தின் சட்டமே மாறிப்போனது. அட்லாண்டாவில் 15 புள்ளி செற், சேர்விஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் புள்ளி, ஐந்தாவது செற் தவிர. எங்கள் வயதுக்காரருக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும், ஒரே புள்ளியில் நின்றுகொண்டு சேர்விஸ் மட்டும் அங்கும் இங்கும் மாறிக்கொண்டிருக்கும், ஒரு ஆட்டம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஒலிம்பிக்கில் லிபரோவும், அதாவது பின்வரிசையில் நின்று பந்தெடுப்பதற்கென்றே இருக்கிற ஆளும் இல்லை. சிட்னிக்கு வரும்போது எல்லாம் வேறு. ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25 வரைக்கும் செற், வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் ஒரு லிபரோ. பழைய முறையில் எதிரணியின் சேர்விஸை ஒருமுறை எடுக்கத் தவறினால் ஒரு புள்ளி போகும், ஆனால் உங்கள் சேர்விஸில் தவறு விட்டால் புள்ளி போகாது, கொஞ்சம் மூச்சு வாங்கலாம். புதிய முறையில் எந்தத் தவறுக்கும் மன்னிப்பு இல்லை. அதோடு லிபரோ வந்ததும், நன்றாகப் பந்தெடுத்தும் உயரம் போதாமல் இருந்தவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. அடிக்கவும் எடுக்கவும் தெரிந்த தெத்யுகின் போன்றவர்கள் இரண்டு காலத்திலும் தேவைப்பட்டார்கள். பயிற்சியாளர் மாறினார், சக வீரர்கள் மாறினார்கள், சட்டம் மாறியது, அவருடைய இடம் மட்டும் மாறவில்லை.

இனி லண்டன். 2012 ஓகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, ஆண்கள் இறுதி ஆட்டம், ரஷ்யாவும் பிரேசிலும். இதே பிரேசில் முதற் சுற்றில் ரஷ்யாவை மூன்றுக்குப் பூச்சியம் என்று துடைத்துவிட்டிருந்தது. இறுதியிலும் அதே கதைதான் போல என்று தோன்றியது, முதல் இரண்டு செற்றும் 25-19, 25-20 என்று பிரேசிலுக்கு. மூன்றாவது செற்றில்தான் பயிற்சியாளர் அலெக்னோ யாரும் எதிர்பாராத வேலையைச் செய்தார். நடுவில் நின்று தடுக்கிற முசெர்ஸ்கியை வலது பக்கத்துக்கு அனுப்பி முழுநேர அடிகாரராக்கினார். அந்த இடத்தில் அதுவரை அடித்துக்கொண்டிருந்த மிகைலொவை இடது பக்கத்துக்கு மாற்றினார். ஒலிம்பிக் இறுதியில், இரண்டு செற் பின்னால் நிற்கும்போது இப்படி ஒரு மாற்றம்! பிரேசிலுக்கு இரண்டு தடவை ஒரே ஒரு புள்ளி இருந்தால் தங்கம் என்ற நிலை வந்தது. இரண்டு தடவையும் தப்பி அந்த செற்றை 29-27 என்று ரஷ்யா எடுத்தது. அடுத்தது 25-22, கடைசி 15-9. முசெர்ஸ்கி தனியாக 31 புள்ளி.

எல்லாரும் அந்த 31ஐப் பற்றித்தான் பேசுகிறார்கள், பேசட்டும், அது பெரிய ஆட்டம்தான். ஆனால் அந்த மாற்றத்துக்குள் ஒரு ஆபத்து ஒளிந்திருந்ததை யோசித்துப் பாருங்கள். இடது பக்கத்துக்கு வந்த மிகைலொவ் அந்தப் போட்டி முழுக்க அடிப்பதற்கென்றே நிறுத்தப்பட்டிருந்தவர், பந்தெடுக்கிற வரிசையில் நின்றவர் இல்லை. பிரேசில்காரன் முட்டாளா, எங்கே பலவீனமோ அங்கேதான் சேர்விஸ் போடுவான். ஆகவே லிபரோ ஒப்மொச்சாயெவும், 37ஐத் தொட ஆறு வாரம் இருந்த தெத்யுகினும் அந்தத் தரையின் பெரும்பங்கைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள், செற்றர் கிரான்கின் உயர்த்தினார், முசெர்ஸ்கி அடித்தார். முதற் கண்ணி அறுந்திருந்தால் அலெக்னோவை இன்றைக்கு ஒரு பைத்தியக்காரப் பயிற்சியாளர் என்று எழுதியிருப்பார்கள். அந்த இறுதி ஆட்டத்தை வைத்திருக்கிறவர்கள் மூன்றாவது செற்றிலிருந்து ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள், ஆனால் பந்து எங்கே அடிபடுகிறது என்று பார்க்காமல், சேர்விஸ் வரும்போது பின்னால் நிற்கிறவர்களின் காலைப் பாருங்கள். ஆட்டம் வேறு மாதிரித் தெரியும்.

அதே லண்டனில் போட்டியின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தோற்ற பிரேசில் அணியின் முரிலோ. அவரும் இடது பக்கத்தில் நின்று பந்தெடுத்து அடிக்கிறவர்தான். நான்கு வருடம் கழித்து ரியோவில் பிரேசில் தங்கம் வென்றபோது அந்த விருது போனது செர்ஜீன்யோவுக்கு. அவர் லிபரோ. ஒரு பந்தைக்கூட வலைக்கு மேலே எழும்பி அடிக்க அனுமதி இல்லாத மனிதர், ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த வீரர்! இங்கே எங்கள் போட்டிகளில் அவர் வந்து விளையாடியிருந்தால் கை குலுக்கி அனுப்பியிருப்போம்.

இந்த செர்ஜீன்யோவும் தெத்யுகினும் பிறந்தது ஒரே வருடத்தில், மூன்று வார இடைவெளியில். இரண்டு பேரிடமும் நான்கு ஒலிம்பிக் பதக்கம். இரண்டு பேரும் நாற்பது வயதில் ரியோவில் எதிரெதிரே அரையிறுதியில் நின்றார்கள், அதில் பிரேசில் நேர் செற்களில் வென்றது. லண்டனுக்குப் பிறகு தேசிய அணியை விட்டு ஒதுங்கியிருந்த தெத்யுகினை மறுபடி கூப்பிட்டு, அணித் தலைவராக்கி, தொடக்க விழாவில் நாட்டின் கொடியையும் அவர் கையில் கொடுத்தார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ரஷ்யா இரண்டு செற் முன்னால் இருந்தது, பிறகு அமெரிக்கா மூன்றையும் எடுத்துவிட்டது. அட்லாண்டாவிலும் நான்காவது, ரியோவிலும் நான்காவது. இருபது வருடம். அதற்குப் பிறகும் கழகத்துக்கு விளையாடி 2018இல்தான் நிறுத்தினார்.

இரண்டு நாற்பது வயதுக்காரர், இரண்டு பேரும் பந்தெடுக்கிறவர்கள். இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. எழும்புகிற உயரம் முப்பது தாண்டினால் குறையத்தான் செய்யும், முழங்கால் சொன்னபடி கேட்காது. ஆனால் எதிராளி பந்தைத் தூக்கிப் போடும்போதே அது எங்கே வரும் என்று வாசிக்கிற கண் இருக்கிறதே, அது வருடம் போகப் போகக் கூர்மையாகும். அடியை மட்டும் வைத்திருக்கிறவனுக்கு ஒரு காலம்தான், பந்தெடுக்கத் தெரிந்தவனுக்கு அது முடிந்த பிறகும் அணியில் வேலை இருக்கிறது.

இதைத்தான் எங்கள் ஊருக்குச் சொல்ல வருகிறேன். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, மூதூர், எங்கே பார்த்தாலும் பின்னேரம் ஒரு வலை கட்டியிருக்கும். 1991இல் கரப்பந்தாட்டத்தை இந்த நாட்டின் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள், கிரிக்கெற் இருக்கிற நாட்டில் அது காகிதத்தில்தான் என்பது வேறு கதை. பொடியன்கள் வந்தவுடன் என்ன செய்கிறார்கள்? ஒருவன் வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுக்க மற்றவர்கள் வரிசையில் நின்று அடிக்கிறார்கள். ஒரு மணித்தியாலம் அடிதான். பிறகு ஆட்டம். யாராவது சேர்விஸ் போட, மறுபக்கம் நின்று ஒருவன் எடுத்துப் பழகுவதை நான் கண்டது மிகக் குறைவு. கேட்டால் சலிப்பு என்கிறார்கள், கை சிவக்கும் என்கிறார்கள். எனக்கு விளங்குகிறது, பார்க்க நிற்கிற சனம் அடிக்குத்தான் கை தட்டுகிறது, பரிசும் அதற்குத்தான். எனவே இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதில் நன்றாக அடித்த பையன், முழங்கால் நோகத் தொடங்கியதும் அல்லது கட்டாருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து வந்து பழைய உயரம் எழும்ப முடியாமல் போனதும், மைதானத்துப் பக்கமே வருவதில்லை. அவனிடம் வேறு ஆயுதம் இல்லை, நாங்கள் அவனுக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் பந்தெடுத்துப் பழக எங்கள் ஊரை விட நல்ல இடம் கிடையாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடற்கரைப் பக்க மைதானத்தில் ஒரு மிதவைச் சேர்விஸைப் போட்டுப் பாருங்கள், பந்து கடைசி இரண்டு மீற்றரில் என்ன செய்யும் என்று போட்டவனுக்கே தெரியாது. அதை எடுத்துப் பழகினவன் உள்ளரங்குக்குப் போனால் அவனுக்கு எல்லாம் மெதுவாகத்தான் தெரியும். நாங்கள் என்ன செய்கிறோம், காற்று என்று சொல்லி ஆட்டத்தை ஒத்திவைக்கிறோம்.

ரஷ்யாவோடு எங்களை ஒப்பிடலாமா, அவர்களுக்கு உயரம், அரங்கு, அரசாங்கப் பணம் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தெத்யுகின் 197 சென்ரிமீற்றர், எங்களுக்கு அது பனைமரம், ஆனால் 218 முசெர்ஸ்கியும் 202 மிகைலொவும் நின்ற அணியில் அவர் உயரத்துக்காக எடுக்கப்பட்டவர் இல்லை. உயரத்தை வாங்க முடியாது, அரங்கு கட்டப் பணம் இல்லை, எல்லாம் சரி. பந்தெடுக்கப் பழகுவதற்கு என்ன செலவு? ஒரு பந்து, சேர்விஸ் போட ஒரு ஆள், பொறுமை.

ரஷ்யாவைப் பற்றி ஏன் இப்போது எழுதுகிறாய், போர் நடக்கிற நேரத்தில், என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். 2022 உலக சம்பியன் போட்டி ரஷ்யாவில் நடக்க இருந்தது, உக்ரேனுக்குள் படை போனதும் அதைப் பறித்துப் போலந்துக்கும் ஸ்லோவேனியாவுக்கும் கொடுத்தார்கள், ரஷ்ய அணிகளையும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நிறுத்தினார்கள். முசெர்ஸ்கி பிறந்தது உக்ரேனின் மக்கேயெவ்காவில், அதுவும் போர் பார்த்த இடம். போர் என்றால் விளையாட்டுக்கு என்ன நடக்கும் என்று திருகோணமலைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்களிலும் ஒரு தலைமுறை மைதானத்தைக் காணாமலே வளர்ந்தது. அந்த அரசியலை நான் இங்கே எடுக்கவில்லை, ஒரு விளையாட்டுக்காரனின் தொழிலை மட்டும்தான் பேசுகிறேன்.

பெண் பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆறு ஒலிம்பிக்கில் விளையாடிய இன்னொருவரும் ரஷ்யாதான், எவ்கேனியா அர்த்தமோனொவா, 1992 முதல் 2012 வரை, மூன்று வெள்ளி. லியுபொவ் சொகொலோவா ஐந்து ஒலிம்பிக், அவரும் பந்தெடுத்து அடிக்கிறவர். எங்கள் பாடசாலைகளில் பெண்கள் அணிக்குப் பதினெட்டு வயதோடு கதை முடிந்துவிடுகிறது, அதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் கேட்பது சின்ன விடயம். அடுத்த முறை சுற்றுப்போட்டி நடத்துகிற கழகங்கள் சிறந்த அடிகாரருக்குக் கொடுக்கிற அதே பெறுமதியில் சிறந்த பந்தெடுப்பாளருக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள், நீங்களும் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இதை ஒரு ஏற்பாட்டாளரிடம் சொன்னபோது, அடித்த புள்ளியை எண்ணலாம், எடுத்ததை எப்படி எண்ணுவது என்று கேட்டார். எண்ணலாம். செற்றர் நின்ற இடத்திலேயே பந்து வந்து, அவர் விரும்பிய ஆளுக்குக் கொடுக்க முடிந்தால் 3. ஓடிப்போய் எடுத்தாலும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுக்க முடிந்தால் 2. எப்படியோ மேலே நின்றது, ஒரே வழிதான், அல்லது அப்படியே எதிர்ப்பக்கம் போனது என்றால் 1. தரையில் விழுந்தால் பூச்சியம். மொத்தத்தை எடுத்த பந்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வந்துவிடும். சில பந்து மட்டும் எடுத்தவன் அதிர்ஷ்டத்தில் முந்திவிடாமல் இருக்க, குறைந்தது இத்தனை பந்து எடுத்திருக்க வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். ஓ.எல். படிக்கிற ஒரு பிள்ளையை மேசையில் இருத்தினால் போதும். முதல் போட்டிக்கு அட்டவணைத் தாள்களை நானே அச்சடித்துத் தருகிறேன், பிள்ளைகளுக்கு முறையும் சொல்லிக் கொடுக்கிறேன், எந்தக் கழகம் என்றாலும் சரி.

இப்படிக்கு,
பழைய கரப்பந்தாட்டக்காரன் ஒருவன்,
உப்புவெளி, திருகோணமலை.